மஞ்சளானால் மருந்து ஊற்றாதீர்கள்: குட்டி சிச்லிட் மீன்களின் நிறத்தைப் படிப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மூன்றடித் தொட்டியும் இரண்டு இரண்டடித் தொட்டிகளும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அத்தை உறைமோர் வாங்க வரும்போதெல்லாம் தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். ஒரு நாள் கேட்டார்: “ஏங் கண்ணு, நேத்து சாம்பலா இருந்த மீனு இன்னிக்கு எலுமிச்சம்பழமாட்ட இருக்குது. மஞ்சக்காமாலை கிமாலை வந்திருச்சா?”

சிரித்துவிட்டேன். ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தேன். காக்கடூ அபிஸ்டோகிராமா ஒரு ஜோடி வாங்கி வந்து மூன்றாவது வாரம். பெண் மீன் திடீரென்று பளீர் மஞ்சள். ஆண் மூலையில் கறுத்துப்போய்க் கிடந்தது. இரண்டுக்கும் ஏதோ நோய் என்று முடிவுகட்டி, மெத்திலீன் ப்ளூவை நேராகத் தொட்டியிலேயே ஊற்றினேன். பெண் தொட்டிக்குள் கவிழ்த்திருந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் முட்டை வைத்திருந்தது. நீலத் தண்ணீரில் அது மிரண்டு முட்டைகளைத் தின்றது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் இருக்கும்; மருந்து அதையும் கெடுத்தது. அம்மோனியா ஏறி, நான்காவது நாள் மீன்களுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போயிற்று. நோயே இல்லாத தொட்டிக்கு நான் நோய் கொண்டுவந்து சேர்த்த கதை இது.

குட்டி சிச்லிட் என்றால் குஞ்சு அல்ல; ஜிலேபி, கரிமீன் குடும்பத்தில் வளர்ந்தும் சிறிதாகவே இருக்கும் வகைகள். நிறம்தான் அவற்றின் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள ‘இந்த நிறம் என்றால் இந்த அர்த்தம்’ என்ற அட்டவணை போதாது. அந்த ஒரு மீன் சாதாரணமாக எப்படி இருக்கும், இப்போது மாறியது எவ்வளவு நேரத்தில், மாறுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது: இந்த மூன்றும் தெரிந்தால்தான் நிறத்துக்கு அர்த்தம் கிடைக்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த மூன்றையும் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: தோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். தாண்டாதீர்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

மீனின் தோலில் நிறச்செல்கள் பல வகை. கறுப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. நீலமும் வெள்ளிப் பளபளப்பும் தருபவை வேறு. அவற்றில் சாயம் கிடையாது, குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மனநிலையோடு அதிகம் ஆடுவது கறுப்புச் செல்தான். நட்சத்திரம் மாதிரிக் கிளைவிட்ட செல் அது. உள்ளே மெலனின் என்ற கறுப்புச் சாயத்தின் துகள்கள். ஒரு பிடி ராகி மாவை முறத்தின் நடுவில் குவித்து வைத்தால் முறம்தான் தெரியும். பரத்திவிட்டால் மாவுதான் தெரியும். அதே மாதிரி துகள்கள் செல்லின் நடுவில் குவிந்தால் அந்த இடம் வெளிறும், கிளைகள் முழுக்கப் பரவினால் கறுக்கும்.

யார் குவிக்கிறார்கள், யார் பரத்துகிறார்கள்? நரம்பும் ஹார்மோனும். நரம்பு முனையில் நோரட்ரினலின் என்ற ரசாயனம் சுரந்தால் துகள்கள் நொடிகளில் குவிகின்றன. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ரத்தம் வழியே வரும் எம்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அவற்றைப் பரத்தும். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு: பல நாட்கள் கறுப்புத் தரையிலோ வெள்ளைத் தரையிலோ வாழ்ந்தால் நிறச்செல்களின் எண்ணிக்கையே கூடும், குறையும். அதற்கு வாரக்கணக்கு ஆகும்.

ஆக, நிறத்துக்கு மூன்று கடிகாரங்கள். நொடியிலோ நிமிடத்திலோ மாறியது மனசு. மணிக்கணக்கில் மாறியது மனசாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். வாரக்கணக்கில் மாறியது தீனி, தரை, வயது, நோய்.

சிச்லிட்களின் பட்டைகளையும் புள்ளிகளையும் தாக்க, தப்பி ஓட, இனப்பெருக்கம் செய்ய எழும் உந்துதல்களோடு பொருத்திப் பார்த்து 1950இல் விரிவாக எழுதியவர்கள் டச்சு ஆராய்ச்சியாளர்களான பேரெண்ட்ஸ் தம்பதி. ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரிப் பகுதியில் வாழும் ஆஸ்டடோடிலாபியா பர்டோனி என்ற சிச்லிட்டில் அடங்கிக் கிடந்த ஆண், பெரியவன் இல்லாத இடம் கிடைத்தவுடன் சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி, கண்ணின் குறுக்கே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்கிறது. பதவி வந்தால் முகம் மாறுவது மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை.

படி 2: மீனைத் தேர்ந்தெடுப்பது

நிறம் படிக்கக் கற்றுக்கொள்ள எல்லா மீனும் ஒன்றல்ல. என் வரிசை இது.

காக்கடூ அபிஸ்டோகிராமாதான் முதல் வாத்தியார். பெரு நாட்டு அமேசான் பகுதியிலிருந்து வந்தது. முகத்தில் கன்னக்கோடு, உடம்பு நெடுக ஒரு பட்டை, வால் அடியில் ஒரு புள்ளி என்று அடையாளங்கள் தெளிவாக இருக்கும். தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு பிடிவாதமும் இல்லை. நைஜீரியா, காமரூன் பக்கத்து கிரிபென்சிஸ் இன்னும் திடமானது. நன்னகாரா அனோமலா கிடைத்தால் விடாதீர்கள்: சும்மா இருக்கும்போது பழுப்பாக, கவனிக்கவே தோன்றாது, குஞ்சு காக்கும் பெண் உடம்பு முழுக்கக் கறுப்புக் கட்டம் போட்டுக்கொள்ளும். செக்கர்போர்டு என்று விற்கும் டிக்ராஸஸ் அழகுதான், சதுரக் கட்டங்கள் மறைந்து நீளப் பட்டை வருவதெல்லாம் அதில் பார்க்கலாம். ஆனால் மிக மென்மையான அமிலத் தண்ணீர் கேட்கும், எங்கள் ஊர் போர்வெல்லுக்கு அது சரிவராது.

ராம் மீனை முதலில் வாங்காதீர்கள். வெனிசுலா, கொலம்பியா சமவெளிகளின் ஓரினோகோ ஆற்றுப் பகுதிக்காரன். 27 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும், மென்மையான தண்ணீர் வேண்டும். கடையில் பார்க்கும் நிறம் பல சமயம் நிஜமும் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையில் காசு குறைவு என்றால் பள்ளத்தி இருக்கிறதே! கேரளத்துக் காயல்களில் வாழும் நம் சொந்த சிச்லிட். கரிமீனுக்குத் தம்பி முறை. ஏழெட்டு சென்டிமீட்டர். ஜோடி சேர்ந்து குஞ்சு காக்கும்போது ஆரஞ்சு உடம்பின் அடிப்பக்கமும் வயிற்றுத் துடுப்பும் கறுக்கும். அந்தக் கறுப்புத் துடுப்பைச் சட்டென்று விரித்து மடக்கிக் குஞ்சுகளைக் கூப்பிடும். குஞ்சுகள் தாய் தகப்பன் தோலில் ஊறும் சளியைக் கொறித்துத் தின்னும். அமேசானிலிருந்து வரவழைத்த மீனுக்காக ஏங்கிக்கொண்டே, வாளையாறுக்கு இந்தப் பக்கம் நாலு மணி நேர தூரத்தில் இருக்கும் இதை நம்மில் பாதிப் பேர் வறுத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

ஜோடி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அபிஸ்டோகிராமாவில் அடங்கிப்போன சின்ன ஆண், பெண் மாதிரியே நிறம் காட்டிக்கொண்டு பெரியவனிடம் அடி வாங்காமல் தப்பிக்கும். எனக்கு ஒருமுறை ‘ஜோடி’ என்று தந்தது இரண்டும் ஆண். இரண்டு மாதம் கழித்து ‘பெண்ணுக்கு’ முதுகுத் துடுப்பில் கூர்கள் நீண்டபோதுதான் தெரிந்தது. ஐந்தாறு குட்டிகளாக வாங்கி வளர்த்து, தானாக ஜோடி சேர விடுவது நல்லது.

படி 3: நிறத்தை நம்பும்படியான தொட்டி

தொட்டி தப்பாக இருந்தால் மீன் எப்போதும் பயத்தின் நிறத்திலேயே இருக்கும். நீங்கள் அதையே சாதாரண நிறம் என்று எண்ணிக்கொள்வீர்கள்.

ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளத் தொட்டி குறைந்தபட்சம். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். தரைக்குச் சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும். வெள்ளை மார்பிள் சில்லு போடாதீர்கள். மார்பிள் சுண்ணாம்புக்கல் வகை, தண்ணீரைக் கடினமாக்கும், அதோடு வெள்ளைத் தரைமேல் மீனும் வெளிறிவிடும். வெளிறிய மீனைப் பார்த்துப் பயமா, தரையா என்று எப்படிச் சொல்வது?

பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடியும் கறுப்புத் தாளால் மூடுங்கள். மேலே பாயலோ ஆகாயத்தாமரையோ மிதக்கட்டும். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் மீன் ஒளியாது. அதற்குச் சிரட்டையை விட நல்ல பொருள் கிடையாது: நாரெல்லாம் சுரண்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஓரத்தில் விரல் அகலத்துக்கு வாசல் உடைத்துக் கவிழ்த்துவிடுங்கள். பெண் மீன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிரட்டை. எம்பர் டெட்ரா மாதிரி ஏழெட்டுச் சிறு மீன்கள் மேல்மட்டத்தில் நீந்தட்டும். அவை பதறாமல் திரிவதைப் பார்த்துத்தான் சிச்லிட் வெளியே வருகிறது.

தண்ணீர்தான் இந்தப் பக்கத்தின் தலைவலி. பாலக்காட்டின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி, கரிசல் மண், ஆழமான போர்வெல். என் வீட்டுத் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 700ஐத் தொடும்; அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் 8 (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). நான் செய்வது இது: ஜூன், ஜூலை மழையில் முதல் இரண்டு மழையை மொட்டை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை டிரம்மில் பிடித்துக்கொள்கிறேன். மூன்று பங்கு மழைத் தண்ணீர், ஒரு பங்கு போர்வெல். மழை இல்லாத மாதங்களில் ஆர்.ஓ. தண்ணீர். காய்ந்த பாதாம் இலையை இருபது முப்பது லிட்டருக்கு ஒன்று என்று போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், மீன் தைரியமாகும். எங்கள் தெரு முனையில் மரம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பிஎச் பற்றி ஒரு கணக்கு மட்டும். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி பிஎச் 7இல் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 28 டிகிரி சூட்டில் பிஎச் 8 ஆனால் அது ஆறு ஏழு பங்காகிவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதனால் கடினத் தண்ணீர்க்காரர்கள் ஃபில்டர் சரியாக ஓடித் தயாராகாமல் மீன் விடவே கூடாது.

அப்புறம் காற்று. கார்த்திகை முடிந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் பிடுங்கும். அந்த மாதங்களில் ஜன்னலோரத் தொட்டி விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கியதை நானே அளந்திருக்கிறேன். குளிர்ந்த ராம் வெளிறித் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஹீட்டர் போடுங்கள், அல்லது தொட்டியை உள்சுவருக்கு மாற்றுங்கள்.

படி 4: இரண்டு வாரம் சும்மா இருங்கள்

புது மீனின் நிறத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். பையிலிருந்து இறங்கிய மீன் வெளிறியிருக்கும், அல்லது குறுக்குப் பட்டைகளோடு இருக்கும். அவ்வளவுதான்.

படி 5: நோட்டுப் போடுங்கள்

ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரே நேரங்களில்: விளக்குப் போடுவதற்கு முன், போட்டு ஒரு மணி நேரம் கழித்து, தீனி போட்ட பத்து நிமிடத்துக்குப் பிறகு. ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதினால் போதும்: உடம்பு நிறம், நீளப் பட்டையா குறுக்குப் பட்டையா, கன்னக்கோடு எவ்வளவு கறுப்பு, துடுப்பு விரிந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா.

விளக்குக்கு முன்னால் பார்ப்பது ஏன் என்றால், தூங்கும் மீனின் நிறமே வேறு. அபிஸ்டோகிராமா இரவில் வெளிறி, தெளிவில்லாத திட்டுகளோடு சருகு மாதிரிக் கிடக்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த ஒருவர், லைட்டைப் போட்டுத் தொட்டியைப் பார்த்து, ‘அய்யோ’ என்று என்னை எழுப்பிய சம்பவம் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. விளக்குப் போட்டு அரை மணி நேரம் ஆகும்வரை எந்த நிறத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

போன் கேமராவை நம்புவதிலும் சிக்கல் உண்டு. அது தானாகவே நிறத்தைச் சரிசெய்து, டீ நிறத் தண்ணீரை வெளுத்துக் காட்டும். தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, அதுவும் படத்தில் விழும்படி எடுங்கள். இரண்டு படங்களில் அந்தப் பட்டை ஒரே வெள்ளையாக இருந்தால்தான் மீனின் நிறத்தை ஒப்பிடலாம்.

பத்து நாள் எழுதினால் அந்த மீனின் ‘சாதாரணம்’ என்ன என்று தெரிந்துவிடும். இரண்டு காக்கடூப் பெண்களே ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. என்னிடம் இருந்த ஒன்று நிம்மதியாக இருக்கும்போதுகூட லேசாக மஞ்சளாகத்தான் இருக்கும்.

படி 6: மனநிலைகளைப் படிப்பது

நிம்மதி. அபிஸ்டோகிராமாவில் கண்ணிலிருந்து வால் வரை ஒரே நீளப் பட்டை, துடுப்புகள் பாதி விரிந்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே விட்டுக்கொண்டு மெதுவாக நகரும். இதுதான் உங்கள் அளவுகோல்.

பயம். நிறம் வடியும், குறுக்குப் பட்டைகள் எழும், துடுப்புகள் உடம்போடு ஒட்டும். குளத்து ஜிலேபி மீனை வலையில் பிடித்தவுடன் உடம்பில் பட்டை பட்டையாக வருமே, அதுவும் சிச்லிட்தான், அதே குடும்பப் பழக்கம். பயத்தின் நிறம் நிமிடங்களில் வந்து, காரணம் போனதும் கால் மணி, அரை மணியில் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் பயமுறுத்துவது இன்னும் தொட்டியிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சண்டை. இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் நின்று துடுப்பை முழுக்க விரிக்கும், கன்னக்கோடு மையாகக் கறுக்கும், நீலப் பளபளப்பு ஏறும். பார்க்க இதுதான் மிக அழகான நிறம். கடைக்காரர்களும் வீடியோ எடுப்பவர்களும் கண்ணாடியைக் காட்டி இந்த நிறத்தைத்தான் வரவழைக்கிறார்கள். நீங்களும் ஒருமுறை கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், தினமும் வைக்காதீர்கள். ‘நிறம் ஏறினால் மீன் சந்தோஷமாக இருக்கிறது’ என்பது இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய பொய். கத்திச் சண்டை போடுபவனின் முகமும் சிவந்துதான் இருக்கும்.

தோல்வி. இதைத்தான் நோய் என்று அதிகம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். தோற்ற மீன் மங்கி, மேல் மூலையிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ தலையைச் சாய்த்து நிற்கும். சில இனங்களில் உடம்பு முழுக்கக் கறுக்கும். நைல் திலாப்பியாவில் தோற்றதன் கண்ணே கறுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ‘நான் போட்டிக்கு வரவில்லை, விட்டுவிடு’ என்பதுதான் செய்தி. பெரிய ஆற்றில் தோற்றவன் விலகிப் போய்விடுவான். இரண்டடித் தொட்டியில் போக இடமில்லை. தடுப்பு வையுங்கள், அல்லது வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மாற்றிய சில மணி நேரத்தில் நிறம் திரும்பினால் அது தோல்விதான், நோய் அல்ல. இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

காதல். ராம் பெண்ணின் வயிறு ரோஜா நிறமாகும். கிரிபென்சிஸில் பெண்தான் முன்கை எடுப்பாள்: வயிறு செர்ரிச் சிவப்பில் பளபளக்க, உடம்பை வளைத்து, ஆணின் முன்னால் நடுங்கிக் காட்டுவாள்.

தாய். அத்தை பார்த்த மஞ்சள் இதுதான். அபிஸ்டோகிராமாப் பெண் முட்டை வைத்த நாளிலேயே, சில சமயம் அதற்கு முன்பே, எலுமிச்சை மஞ்சளாகும். நீளப் பட்டை பல சமயம் உடைந்து ஒரு புள்ளியாகச் சுருங்கும். கன்னக்கோடும் வயிற்றுத் துடுப்பின் முன் விளிம்பும் கன்னங்கரேல். கறுப்பு விழுந்த மஞ்சள் தூரத்திலிருந்தே ‘கிட்டே வராதே’ என்று சொல்லும்; அத்தோடு குஞ்சுகளுக்கும் இது அடையாளம், வயிற்றுத் துடுப்பை அசைத்து அவற்றைக் கூட்டுவாள். முட்டை சிரட்டையின் உள்கூரையில் ஒட்டியிருக்கும். மூன்று நாள் வாக்கில் பொரிக்கும், இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். அதுவரை சிரட்டையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். நிறத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன நிலைமை என்று தெரியும். மஞ்சள் உறுதியாக நின்றால் எல்லாம் நலம். ஓரிரு நாளுக்குள் மஞ்சள் இறங்கிச் சாம்பலாகி, நீளப் பட்டை திரும்பி வந்தால் குடும்பம் கலைந்துவிட்டது.

இந்த நாட்களில் ஆண் மூலைக்குப் போய்க் கறுத்து நிற்பதும் இதன் மறுபக்கம்தான். வீட்டுக்காரி உள்ளே விடவில்லை. துடுப்பு கிழிந்தால் ஆணை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சிரட்டையை எதிர்க் கோடியில் வைத்தால் போதும்.

படி 7: நோயைப் பிரித்தறிவது

மருந்துப் புட்டியைத் தொடும் முன் நான் எனக்கே போட்டுக்கொண்ட வரிசை:

ஒன்று, டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். செவுள் பழுப்பேறி, மீன் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். கிட் இல்லை என்றால், நிறம் சந்தேகமாக இருக்கும் நாளில் கால்வாசித் தண்ணீர் மாற்றுவது எந்த மருந்தையும்விடப் பாதுகாப்பு. புதுத் தண்ணீர் அதே சூட்டில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

இரண்டு, எத்தனை மீன்கள்? ஒரே நேரத்தில் எல்லா மீனும் வெளிறினால் தண்ணீர், அல்லது சூடு. ஒன்று மட்டும் என்றால் உறவுச் சிக்கல், இல்லாவிட்டால் அந்த மீனின் உடம்பு.

மூன்று, சாப்பிடுகிறதா? நிறம் போயும் தீனிக்கு ஓடி வரும் மீனை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள். நிறமும் போய், தீனியை வாயில் வாங்கித் துப்பி, வெள்ளை நூல் மாதிரிக் கழிவு தொங்கினால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். தனித் தொட்டியில் வைத்துச் சிகிச்சை தேவை.

நான்கு, மாற்றம் நேரத்தோடு ஆடுகிறதா? மனநிலை நிறம் ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்கும். நோயின் கறுப்பு காலையிலும் சாயங்காலமும் தீனி நேரத்திலும் அப்படியே நிற்கும். நோட்டின் முழுப் பயனும் இந்த ஒரு கேள்வியில் தெரியும்.

இன்னொன்று, கண். மீன் தரையின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றுவது கண் வழியாகத்தான். பார்வை போன மீன் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கறுத்த மீன் நன்றாகத் தின்றும் தீனியைத் தேடித் தடுமாறினால் கண்ணைப் பாருங்கள்.

மூச்சு வாங்கவில்லை, சாப்பிடுகிறது, தண்ணீர் சுத்தம் என்றால் ஒரு முழு நாள் காத்திருக்கலாம். என் கணக்கில் பத்தில் எட்டுத் தடவை அடுத்த நாள் விளக்கம் தானாக வந்திருக்கிறது.

படி 8: மெதுவான நிறம்

சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு என்ற சாயத்தால் வருகின்றன. அதை மீன் தானாக உண்டாக்க முடியாது; தீனி வழியே வர வேண்டும். ஆர்டீமியா, டாப்னியா என்ற பொடி நீர் உயிர்கள், நல்ல குருணைத் தீனி மாற்றி மாற்றிக் கொடுங்கள். மாட்டு இதயம் கொடுப்பவர்கள் உண்டு. நான் நிறுத்திவிட்டேன், தண்ணீர் கெடுகிறது. நிறம் ஏற ஐந்தாறு வாரம் பொறுக்க வேண்டும்.

கடையில் இரண்டு சென்டிமீட்டர் குட்டி ராம் முழு நிறத்தில் ஜொலித்தால் ஹார்மோன் தீனியைச் சந்தேகியுங்கள். வீட்டுக்கு வந்த சில வாரத்தில் அது மங்கும். உங்கள் தொட்டியில் குறை தேடி நீங்கள் தூக்கம் கெடுவீர்கள். கடையில் வாங்கும்போது பளபளப்பானதை எடுக்காமல், சுமாரான நிறத்தில் துடுப்பு விரித்து, மணலைக் கிளறிக்கொண்டிருப்பதை எடுங்கள். “தம்பி, அது வெளிறிப்போயி கெடக்குதே, இதை எடுத்துக்கோ” என்று கடைக்காரர் சொல்வார். “பரவாயில்லைங்கண்ணா, அதையே கொடுங்க” என்று வாங்கி வாருங்கள்.

போன தை மாதம் நான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரம். தீனியையும் நோட்டையும் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

“சாயங்காலம் நாலு மணி. மஞ்ச மீனு சாம்பலாயிருச்சு. கோடு திரும்ப வந்திருச்சு. குஞ்சு ஒண்ணையும் காணோம். ஆம்பள மீனுக்கு வயிறு உப்பிக் கெடக்குது.”